மாப்பிள்ளையின் வண்டியும் சந்தன நிறப் புள்ளிகளும்

எங்கள் ஊர் தென்காசி. காசிவிசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஆளையே தள்ளுகிற காற்றைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனி, ஆடி வந்துவிட்டால் அந்தக் காற்று கோபுர வாசலோடு நிற்பதில்லை. ஆரியங்காவு கணவாய் வழியாகப் புகுந்து செங்கோட்டை, குற்றாலம், தென்காசி என்று வீசு வீசென்று வீசும். கொடியில் காயப்போட்ட துணி அடுத்த வீட்டு மாடியில் கிடக்கும். கூடவே பூப்போலச் சாரல். ஐந்து நிமிஷம் சாரல், பத்து நிமிஷம் இளவெயில் என்று மாறி மாறி வரும். குற்றாலத்தில் அருவி கொட்ட ஆரம்பித்தால் எங்கள் வீடுகளில் விருந்தாளிகள் வந்து நிறைந்துவிடுவார்கள். அதுவும் சந்தோஷம்தான்.

அந்தக் காற்றினால் சென்ற ஆடியில் எனக்கு வந்த சங்கடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டுக்கு வர்ணம் அடிக்கிறவர்களுக்கும், சின்னக் குழந்தைகளை வைத்திருக்கிற இளம் தாய்மார்களுக்கும் உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. தலை ஆடிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்திருந்தோம். மாப்பிள்ளைக்குச் சங்கரன்கோவிலில் வேலை. கல்யாணத்துக்கு அப்புறம் தன் சம்பளத்தில் தவணை கட்டி ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். கருகருவென்று கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் வண்டி. பெட்ரோல் டாங்கில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை சாயங்காலம் அதில்தான் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள்.

மாப்பிள்ளை வருவதற்குள் வாசல் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் வர்ணம் அடித்து முடித்துவிட வேண்டும் என்றுதான் ஏற்பாடு. சாரல் விடாததால் வேலை தள்ளிப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வானம் வெளுத்திருந்தது. பெயிண்டர் வந்து, "மெஷின் வச்சு அடிச்சா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்மா" என்றார். சரி என்றேன். வீட்டில் எல்லோரும் வேன் பிடித்து ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். கொழுந்தனார் மகனுக்குச் சளி. மூன்று வயசுப் பையன். அதனால் அவனும், அவன் அம்மாவான என் ஓரகத்தியும், என் மாமியாரும், நானும் வீட்டில் இருந்தோம். நான் அடுப்படியில் மாப்பிள்ளை விருந்துக்குச் சொதி வைக்கத் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தேன்.

பத்தரை மணிக்கு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கேட்டிலிருந்து ஏழெட்டு அடி தள்ளித்தான் வண்டி நின்றது. டாங்க், முன் சக்கரத்து மட்கார்டு, பக்கத்துத் தகடு என்று எல்லா இடத்திலும் பொடிப் பொடியாகச் சந்தன நிறப் புள்ளிகள். கறுப்புப் பட்டுச் சேலையில் கோலமாவைத் தூவின மாதிரி இருந்தது. விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்றிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். ஒரு புள்ளி கூட அசையவில்லை.

அவசரம் செய்த வேலை

பெயிண்டர் பதறவில்லை. "தின்னர் போட்டு ஒரு இழுப்பு இழுத்தா போயிரும்மா" என்று சொல்லி, ஒரு ஆரஞ்சு கலர் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். புது மாப்பிள்ளை, புது வண்டி. அவர் திரும்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. பழைய துணியில் நனைத்துப் பக்கத்துத் தகட்டில் தேய்த்தேன். புள்ளிகள் போயின. கூடவே பளபளப்பும் போயிற்று! ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, மூச்சுக்காற்றுப் பட்ட கண்ணாடி மாதிரி மங்கிவிட்டது. ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஓர் எழுத்து இழுபட்டுக் கரைந்துவிட்டது.

எனக்குக் கை கால் உதறியது. பாட்டிலை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டு, தெரு முனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சியைக் கூப்பிட ஓடினேன். மூடி போட்டேனா என்றுகூட ஞாபகமில்லை.

அண்ணாச்சியோடு திரும்பி வரும்போது, திண்ணையில் பையன் உட்கார்ந்திருக்கிறான். கையில் அந்த ஆரஞ்சு கலர் பாட்டில். வாய்க்குக் கொண்டு போகிறான்.

நான் எப்படிப் பாய்ந்து பிடுங்கினேன் என்று எனக்கே தெரியாது. பையன் பயந்து அழுதான். அவன் உதட்டில் தின்னர் வாடை அடித்தது. குடித்தானா, இல்லை வாடை பிடிக்காமல் விட்டுவிட்டானா, யாருக்கும் தெரியவில்லை. மாமியார், "ஏட்டி, உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைங்க" என்றார்கள். அண்ணாச்சிதான் தடுத்தார். "வேண்டாம் ஆச்சி. எங்க ஷெட்டுல ஒரு பையன் பெட்ரோல் உறிஞ்சி விழுங்கிட்டான். அப்ப டாக்டர் சொன்னாக, வாந்தி மட்டும் எடுக்க வைக்கக் கூடாதுன்னு. நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். ஓரகத்தியும் மாமியாரும் பையனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனார்கள். பாட்டிலையும் மூடி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார் அண்ணாச்சி.

குழந்தை டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்த்து, மூச்சு நன்றாக இருக்கிறது, ஆனாலும் சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதை ஓரகத்தி எனக்குப் பிறகு சொன்னாள். தின்னர், மண்ணெண்ணெய், டர்பன்டைன், பெட்ரோல் எல்லாம் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. வாந்தி எடுக்க வைத்தால் திரும்பி மேலே வரும்போது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பால், எண்ணெய் எதுவும் நாமாகக் கொடுக்கக் கூடாது. இருமல், மூச்சிரைப்பு, காய்ச்சல் இவை சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம் என்பதால், குழந்தை விளையாடுகிறதே என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வண்டி கிடைக்காவிட்டால் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

பொறுமை செய்த வேலை

ஆஸ்பத்திரியிலிருந்து, "அக்கா, பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்கான்" என்று போன் வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அண்ணாச்சி அதற்குள் வண்டியை நிழலுக்குத் தள்ளி வைத்திருந்தார். "தங்கச்சி, பெயிண்டு மேல பெயிண்டு உக்காந்திருக்கு. மேல உள்ளத எடுக்கணும், கீழ உள்ளதத் தொடக் கூடாது. தின்னருக்கு மேலது கீழது தெரியாது" என்றார்.

அவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் விஷயமே புரிந்தது. வண்டியின் தகட்டில் முதலில் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேலே நிறமில்லாத ஒரு பளபளப்புப் பூச்சு என்று அடுக்கடுக்காக இருக்கும். நாம் பார்க்கிற பளபளப்பெல்லாம் அந்த மேல் பூச்சுதான். அது ஒரு தலைமுடியின் கனம்கூட இருக்காது. மெஷினிலிருந்து தெறிக்கிற பெயிண்டோ காற்றில் வரும்போதே பாதி காய்ந்துவிடுகிறது. அதனால் அது பூச்சுக்குள் இறங்குவதில்லை. மேலே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அதை மெதுவாக நெகிழ்த்தி எடுத்துவிடலாம். தேங்காய் நார், கம்பி நார், சாம்பல், பல் பொடி என்று பாத்திரம் துலக்குகிற சாமான் எதையும் கொண்டு போகக் கூடாது. பெயிண்ட் போய்விடும், ஆனால் கீறல் நின்றுவிடும்.

அன்று நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பிரேக் டிஸ்க், டயர் இவற்றின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டினார் அண்ணாச்சி. எண்ணெயோ பாலீஷோ பிரேக்கில் பட்டால் பிரேக் பிடிக்காது, டயரில் பட்டால் வழுக்கும். "சாரல் ரோட்டுல கேக்கவே வேண்டாம்" என்றார். இன்ஜினும் சைலன்சரும் ஆறியிருக்கின்றனவா என்றும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து, நிறையத் தண்ணீர் விட்டு மண், தூசி எல்லாவற்றையும் கழுவினோம். மண் இருக்கும்போது தேய்த்தால் அந்த மண்ணே கீறிவிடும். பிறகு ஒரு பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ கலந்து, பழைய பனியன் துணியை நனைத்து, புள்ளிகள் மேல் கால் மணி நேரம் போட்டு வைத்தோம். காயக் காய மறுபடி நனைத்தோம். அப்புறம் அந்த ஈரத்துணியை விரலில் சுற்றி, நகத்தால் மெல்ல நெம்பினால், பெரிய புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பொத்தென்று கழன்று வந்தன. எனக்குப் பயறு உரிக்கிற மாதிரி இருந்தது. நகம் வலித்தபோது ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தைப் படுக்கை வாட்டில் வைத்துத் தள்ளினேன். பிளேடு, கத்தி, காசு எதுவும் கூடாது.

அதற்கும் மசியாத புள்ளிகளுக்கு டர்பன்டைன். கேட்டுக்கு அடித்தது எனாமல், அதாவது எண்ணெய்ப் பெயிண்ட். எண்ணெய்ப் பெயிண்டை டர்பன்டைன் நெகிழ்த்தும். அடித்து இரண்டு மூன்று மணி நேரமே ஆகியிருந்ததால் சுலபமாகக் கேட்டது. நாள் ஆக ஆக இறுகிவிடும். முதலில் ஸீட்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்து, நிறம் மங்குகிறதா, துணியில் கறுப்பு ஒட்டுகிறதா என்று பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் துணியின் நுனியில் மட்டும் தொட்டு, புள்ளி மேல் பத்து எண்ணும்வரை வைத்து, அழுத்தாமல் துடைத்து, உடனே ஷாம்பூத் தண்ணீரால் கழுவினோம். உள்ளங்கை அகலம் முடிந்த பிறகு அடுத்த உள்ளங்கை அகலம். ஸ்டிக்கர், ஹெட்லைட் கண்ணாடி, பிளாஸ்டிக் பாகங்கள் பக்கம் டர்பன்டைனே போகவில்லை. அங்கெல்லாம் ஷாம்பூத் தண்ணீரும் நகமும்தான். இந்தக் காலத்து வண்டிகளில் முன் விளக்குக் கண்ணாடி பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். தின்னர், பெட்ரோல் பட்டால் புகைபிடித்த மாதிரி ஆகி, வெடிப்பும் விடும்.

இவ்வளவுக்கும் பிறகு கண்ணுக்குத் தெரியாத பொடிகள் இருந்தன. கையால் தடவினால்தான் தெரிந்தது. அதற்கு அண்ணாச்சி ஒரு பொருள் கொண்டு வந்திருந்தார். பிசைந்த மைதா மாவு மாதிரி இருந்தது. க்ளே பார் என்று கார் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்குமாம். தட்டையாகத் தட்டி, ஷாம்பூத் தண்ணீர் தாராளமாகத் தெளித்து, சப்பாத்தி மேல் நெய் தடவுகிற மாதிரி அழுத்தாமல் தேய்த்தார். முதலில் சரசரவென்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்படியானால் பொடி போய்விட்டது என்று அர்த்தம். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தால் தேய்க்க வேண்டும். தரையில் விழுந்துவிட்டால் எடுத்து உபயோகிக்கக் கூடாது, மண் ஒட்டியிருக்கும்.

கடைசியாக நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி, மெழுகுப் பாலீஷ் போட்டோம். நான் தின்னரால் மங்க வைத்த இடத்தை அண்ணாச்சி காம்பவுண்டு போட்டுத் தேய்த்தார். முக்கால்வாசி பளபளப்புத் திரும்பிவிட்டது. அழிந்த எழுத்து அழிந்ததுதான். எல்லாம் முடிய இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

என் கையெல்லாம் பெயிண்ட். அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினேன். நன்றாகப் போய்விட்டது. கைக்குத் தின்னரும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். தோல் வறண்டு எரியும்.

மற்ற வர்ணங்களுக்கு

வீட்டுச் சுவருக்கு இப்போது எமல்ஷன் அடிக்கிறார்கள். அது தண்ணீரில் கலக்கிற பெயிண்ட். அந்தப் புள்ளிகளுக்கு டர்பன்டைன் அவ்வளவாகக் கேட்காது. ஷாம்பூத் தண்ணீரில் ஊறவைப்பதே பாதிக்கு மேல் எடுத்துவிடும். மிச்சத்துக்கு மருந்துக் கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, ஓரிரு நொடி வைத்துத் துடைத்துக் கழுவலாம். என்ன பெயிண்ட் என்று தெரியவில்லையா? ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒரு புள்ளியைத் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் எமல்ஷன். ஏறாவிட்டால் எண்ணெய்ப் பெயிண்டாக இருக்கும்.

சுண்ணாம்பு தெறித்திருந்தால் காய்ந்த பிறகு சுரண்டாதீர்கள், மணல் மாதிரிக் கீறும். தண்ணீரில் ஊறவிட்டு, போகாததற்கு வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து நனைத்து, கரைந்ததும் நன்றாகக் கழுவிவிடுங்கள். பளபளப்பில்லாத, மங்கலான பூச்சு உள்ள வண்டிகளில் மட்டும் க்ளேயும் பாலீஷும் கூடாது. தேய்த்த இடம் திட்டுத் திட்டாகப் பளபளத்துவிடும்.

பிரிட்ஜ் கதவு, இரும்பு பீரோ இவற்றில் தெறித்தாலும் இதே வரிசைதான். முதலில் தண்ணீர், பிறகு ஷாம்பூ, பிறகு நகம், கடைசியாகத்தான் மருந்து.

எல்லாவற்றையும்விடச் சுலபம், தெறிக்காமல் பார்த்துக்கொள்வது. எங்கள் ஊர்க் காற்றில் ஆடி மாதம் மெஷின் வைத்து அடித்ததே தப்பு. பிரஷ்ஷால் அடித்திருக்கலாம். வண்டியை அடுத்த தெருவில் நிறுத்தியிருக்கலாம். ஒரு பழைய போர்வை போட்டு மூடியிருந்தால்கூட இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

இன்னொன்றும் குழந்தை டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கேட்டையும் ஜன்னலையும் சுரண்டும்போது பறக்கிற தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சுரண்டுகிற அன்று குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

மாப்பிள்ளை வந்தார்

இரண்டு மணிக்கு வேன் வந்தது. தலை துவட்டாமலே எல்லோரும் இறங்கினார்கள். அருவியில் குளித்துவிட்டு, வரும் வழியில் குற்றாலத்தில் சித்திர சபையையும் பார்த்துவிட்டு வந்தார்களாம். "சுவரு பூரா படம்மா" என்று மகள் சொல்ல ஆரம்பித்தாள். சுவரில் இருக்க வேண்டிய வர்ணம் சுவரிலேயே இருந்தால் எவ்வளவு நல்லது என்று எனக்குத் தோன்றியது.

வண்டி பளபளவென்று நின்றது. சொல்லாமல் விட்டிருந்தால் மாப்பிள்ளைக்கு உடனே தெரிந்திருக்காது. ஆனால் என்னால் மறைக்க முடியவில்லை. நடந்ததையெல்லாம், வண்டியையும் பையனையும் பற்றிச் சொல்லி, அழிந்த எழுத்தையும் காட்டினேன். மாப்பிள்ளை அந்த எழுத்தைப் பார்க்கக்கூட இல்லை. "பையன் எந்த ஆஸ்பத்திரியில இருக்கான் அத்தை?" என்று கேட்டார். கொழுந்தனாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு அந்த வண்டியிலேயே கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பையன் மாப்பிள்ளைக்கு முன்னால், டாங்க் மேல் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சொதியைச் சூடு பண்ணி ராத்திரிதான் விருந்து நடந்தது. அந்த ஸ்டிக்கரை மாற்றித் தருகிறோம் என்று எங்கள் வீட்டுக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும் மாமா" என்று சொல்லிவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் தின்னர், டர்பன்டைன், பினாயில், ஆசிட் எதுவும் குடிக்கிற பாட்டிலில் இருப்பதில்லை. வாங்கின டப்பாவிலேயே, மூடி இறுக்கி, பரணில் பூட்டி வைத்திருக்கிறேன். வேலைக்கு வருகிறவர்களிடமும் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்கிறேன். சகோதரிகளே, நீங்கள் இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய், உங்கள் வீட்டுத் திண்ணையிலும், குளியலறை ஜன்னலிலும், அடுப்படி மேடைக்குக் கீழேயும் அப்படி ஏதாவது கலர் பாட்டில் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.